300 சிப்ஸ், ஓர் அலுமினியப் பெட்டி, ஞாயிற்றுக்கிழமை மீன்

வியாழக்கிழமை சாயங்காலம் பேங்கில் இருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், அண்ணன் மகன் பார்சலைப் பிரித்து, போக்கர் சீட்டாட்டத்தில் காசுக்குப் பதில் வைக்கிற வில்லைகளான சிப்ஸில் பாதியை ஹால் தரையில் கொட்டியிருந்தான். "அத்தை, பெட்டியைத் தூக்கிப் பாருங்க" என்றான். தூக்கினேன். மாதச் சாமான் வாங்கி வருகிற பை மாதிரி மணிக்கட்டை இழுத்தது. 300 சிப்ஸ், ஒன்று 11.5 கிராம் என்று அட்டையில் போட்டிருக்கிறது. சிப்ஸ் மட்டுமே 3 கிலோ 450. அலுமினியப் பெட்டியும் சேர்ந்தால் நாலரையைத் தொடும். விலை 3,499 ரூபாய்.

பிராண்ட் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஆன்லைனில் தேடினால் இதே சிப்ஸ், இதே பெட்டி, பத்துப் பெயர்களில் வருகிறது. எல்லாம் ஒரே அச்சு. அதனால் நான் எழுதுவது கிட்டத்தட்ட பத்துக்கும் பொருந்தும். நாலு மாதம், வாரம் தவறாமல் சனிக்கிழமை ராத்திரி பயன்படுத்திவிட்டு எழுதுகிறேன். பிரித்த அன்றே ஐந்து நட்சத்திரம் போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

வாங்கிய காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அண்ணன் மகன் திருச்சியில் எங்களோடு தங்கி வேலைக்குப் போகிறான். ஒரு செயலியில் போக்கர் ஆடி, இரண்டு மாதச் சம்பளம் போன பிறகுதான் வீட்டில் சொன்னான். 2025 ஆகஸ்டில் ஆன்லைன் பண விளையாட்டுகளுக்குத் தடை போட்டு நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றியதும் அந்தச் செயலியில் பண ஆட்டம் நின்றது. எங்களுக்கு நிம்மதி. அவன் மட்டும் ஒருநாள் சாப்பிடும்போது, "காசு போச்சுன்னு வருத்தம்தான் அத்தை, ஆனா ஆட்டம் நல்ல ஆட்டம்" என்றான். சரி, அப்படி என்ன நல்ல ஆட்டம் என்று பார்த்துவிடுவோம், காசு மட்டும் கடைசிவரை கிடையாது என்று நான்தான் ஆரம்பித்தேன். நான் நகைக்கடன் பிரிவில் இருக்கிறவள். ரம்மி ஆடித் தோற்றுவிட்டு அம்மாவின் வளையலைக் கொண்டுவருகிற பையன்களின் முகம் எனக்குத் தெரியும்.

முதல் மாதம் புளியங்கொட்டையில் ஆடினோம். விளங்கவில்லை. ஆளாளுக்கு ஒரு கைப்பிடி அள்ளி நடுவில் போட்டார்கள். எத்தனை போட்டாய் என்று கேட்டால், "இருக்கும் ஒரு முப்பது" என்று பதில் வரும். எண்ணாமல் போடுகிற பொருளுக்கு மதிப்பு இல்லை. அதனால்தான் இந்தப் பெட்டி.

சிப்ஸில் இருந்து தொடங்குகிறேன். தொழில் புத்தி, சும்மா இருக்க முடியவில்லை. பத்து சிப்ஸை ஒரு கவரில் போட்டு எடுத்துப்போய், மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் அப்ரைசரிடம் கொடுத்தேன். நகை எடை போடுகிற தராசில் பத்தும் சேர்ந்து 113 கிராம் சொச்சம். ஒவ்வொன்றாக வைத்தால் 11.1 முதல் 11.5 வரை. "மேடம், உள்ள இரும்பு வில்லை, மேல பிளாஸ்டிக். ஒரு பைசா தேறாது" என்றார் அவர். எனக்கு அது போதும். உள்ளே இரும்பு இருப்பதால்தான் கையில் கனம் தெரிகிறது. இரண்டு சிப்ஸை ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் டக்கென்று உட்காருகிறது. இருபது அடுக்கினாலும் சாயவில்லை. விளிம்பு சில சிப்ஸில் கூராக இருக்கிறது, அதை நகம் வெட்டுகிற அரத்தால் நானே தேய்த்துவிட்டேன்.

குறை நிறத்தில். வெள்ளை 100, சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு தலா 50. எதிலும் எண் கிடையாது. மதிப்பை நாமே வைத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் வெள்ளை 5, சிவப்பு 20, பச்சை 50, கறுப்பு 100, நீலம் 500 என்று வைத்தோம். ஆளுக்கு 16 வெள்ளை, 6 சிவப்பு, 6 பச்சை, 5 கறுப்பு கொடுத்தால் சரியாக 1,000 வரும். ஆறு பேருக்குப் பகிர்ந்தும் பெட்டியில் மீதம் இருக்கும். ஆறு பேர் யார் என்றால் நான், என் வீட்டுக்காரர், கொழுந்தனார், ஓரகத்தி, அண்ணன் மகன், மேல் வீட்டு டிரைவர் சார். டிரைவர் சார் என்றால் கார் டிரைவர் என்று நினைத்துவிட வேண்டாம், ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

இந்த நீலம் அடர் நீலம். பகலில் நீலம். ராத்திரி மொட்டை மாடியில், கரண்ட் போய் எமர்ஜென்சி லைட் எரியும்போது, கறுப்பு.

நடந்ததைச் சொல்கிறேன். போக்கர் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி: ஆளுக்கு இரண்டு சீட்டு ரகசியம். நடுவில் ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொது. முதலில் மூன்று திறக்கும், அது ஃப்ளாப், அப்புறம் ஒன்று, டர்ன், கடைசியில் ஒன்று, ரிவர். ஒவ்வொரு திறப்புக்கும் இடையே பந்தயம். ரம்மியில் சீட்டு சரியில்லை என்றால் ஸ்கூட் போவோமே, அதுதான் இங்கே ஃபோல்ட். வித்தியாசம், ரம்மியில் ஸ்கூட் போனால் 20, நடுவில் போனால் 40, ஃபுல் வாங்கினால் 80 என்று நஷ்டத்துக்கு ஒரு எல்லை உண்டு. இதில் எல்லையை நீங்களே போட்டுக்கொள்ள வேண்டும்.

என் கையில் ஏஸ், ராஜா. நடுவில் ஒரு ஏஸ் வந்துவிட்டது. நல்ல சீட்டு. டர்ன் திறந்ததும் நான் ஒன்றும் போடாமல் செக் சொன்னேன். நடுவில் 140 இருந்தது. கொழுந்தனார் கொஞ்சமும் யோசிக்காமல் ஒரே ஒரு சிப்பை எடுத்து நடுவில் வைத்தார். எனக்கு நீலம் என்று தெரிந்தது. 500. எனக்கு வயிற்றைக் கலக்கியது. 140 கிடக்கிற இடத்தில் 500 போடுகிறவன் கையில் என்ன இருக்கும்? ஐந்து நிமிடம் யோசித்து, ஏஸ் ராஜாவைக் கவிழ்த்துவிட்டேன். நடுவில் இருந்ததை வாரிக்கொள்ளும்போதுதான் அவர் சிப்பை வெளிச்சத்தில் பார்த்தார். "ஐயோ அண்ணி, இது நீலமா? நான் கறுப்புன்னுல்ல வெச்சேன்!" கையில் 7, 6. ஒரு ஜோடிகூட இல்லை.

மாடியில் அன்று சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. எனக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. அவர் முகம், அவர் கை, சிப் விழுந்த வேகம் எல்லாம் அப்படியே தைரியசாலியுடையது. எதிரில் உட்கார்ந்திருக்கிறவளுக்குத் துணிச்சல், அசட்டுத்தனம், வெளிச்சம் போதாமை மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரிகிறது. அண்ணன் மகன் கணக்குச் சொன்னான். வெறும் கையோடு 140-க்கு 500 போட்டால், ஐந்தில் நாலு தடவை எதிராளி விட்டுக்கொடுத்தால்தான் கட்டுப்படியாகும். அவர் நினைத்தபடி 100 போட்டிருந்தால் ஐந்தில் இரண்டு தடவைக்குச் சற்று மேலே விட்டாலே போதும். போட்டதைப் போட்டதும் கிடந்ததும் சேர்ந்த தொகையால் வகுத்தால் கிடைத்துவிடும். அதே பொய்தான், விலைதான் வேறு. கொழுந்தனார் தெரியாமலேயே அதிக விலை கொடுத்து ஒரு பொய்யை வாங்கியிருக்கிறார், என் புண்ணியத்தில் அது போணியாகிவிட்டது.

மறுநாள் ஸ்டேஷனரி கடையில் 20 ரூபாய்க்கு வட்ட ஸ்டிக்கர் வாங்கி, நீலத்தில் மட்டும் 500 என்று எழுதி ஒட்டினேன். இதைத் தயாரித்தவர்களே செய்திருக்கலாம். எண் போட்ட சிப்ஸ் கூடுதலாக முந்நூறு நானூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, முதல்முறை வாங்குகிறவர்கள் அதையே வாங்குங்கள். கூடவே ஒரு விதியும் போட்டோம். கேசினோக்களில் ஒருவர் பந்தயம் வைத்த பிறகு அடுத்தவர் வாய் திறக்காமல் ஒரே ஒரு பெரிய சிப்பை வைத்தால், அதை ஏற்றியதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், வெறும் கால், அதாவது முன்னவர் வைத்ததற்கு ஈடு கட்டியது என்றுதான் கணக்கு. வாயால் சொன்ன தொகை என்றால் அது அவரைக் கட்டும். நாங்கள் இன்னும் ஒரு படி போய், எப்போது போட்டாலும் தொகையை வாயால் சொல்ல வேண்டும் என்று வைத்தோம். நம்ப மாட்டீர்கள், அந்த ஒரு விதியில் பாதி அசட்டுத்தனம் அடங்கியது. "ஆல்-இன்" என்று, கையிலிருக்கிற மொத்தமும் பந்தயம் என்று கத்துவது சுலபம். "எழுநூத்தி அறுபது" என்று சொல்வதற்கு முதலில் எண்ண வேண்டும்.

சீட்டுக்கட்டு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெட்டியோடு வருகிற இரண்டு கட்டும் மெழுகு பூசிய காகிதம். மூன்றாவது வாரமே ஸ்பேட் ஏஸின் ஒரு முனை மடிந்து, அது யார் கையில் இருக்கிறது என்று ஊருக்கே தெரிந்தது. தூக்கிப்போட்டுவிட்டு முழு பிளாஸ்டிக் கட்டு தனியாக வாங்கினோம். காபி கொட்டினாலும் துடைத்துக்கொள்ளலாம். ஐந்து தாயக்கட்டைகள் எதற்கு என்று இன்றுவரை புரியவில்லை, ஓரகத்தியின் சின்னவன் எடுத்துப் போய்விட்டான். பச்சை விரிப்பு ஒன்று வருகிறது, பிரித்ததும் பெயின்ட் கடை வாசனை. அதை மடித்து வைத்துவிட்டுப் பவானி ஜமக்காளத்தை விரித்தோம். சிப்ஸ் நகராது, சத்தமும் இதமாக இருக்கிறது. சீட்டை அதில் இருந்து எடுப்பதுதான் கொஞ்சம் கஷ்டம், நகம் வேண்டும்.

சரி, இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பெட்டி வந்தும் முதல் மூன்று வாரம் ஆட்டம் ஆட்டமாக இல்லை. காசு கிடையாதே, தோற்றால் என்ன? சீட்டைப் பார்க்காமலேயே ஆல்-இன் போனார்கள். 3,499 ரூபாய் கொடுத்து வாங்கிய கனமெல்லாம் வீண். இங்கேதான் ஓரகத்தி ஒரு யோசனை சொன்னாள். ராத்திரி 11 மணிக்கு யாரிடம் சிப்ஸ் கம்மியோ அவர் மறுநாள் காலை 6 மணிக்கு மீன் மார்க்கெட் போய் மீன் வாங்கி வந்து, கழுவிச் சுத்தம் செய்து கொடுக்க வேண்டும். ஆணோ பெண்ணோ, மேல் வீடோ கீழ் வீடோ, விலக்கு இல்லை. சிப்ஸ் முழுதும் போனவருக்கு ஒரு நீலம் கடன், அது 11 மணிக் கணக்கில் கழியும். கடன் பிரிவு இருக்கிற வீடு அல்லவா.

அந்த வாரத்தில் இருந்து ஆட்களே மாறிப்போனார்கள். ஜிலேபி கெண்டையைச் செதில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கண்ணாடியில் ஒட்டும், முடியில் ஒட்டும், சாயங்காலம் சட்டைப் பையில் ஒன்று கிடைக்கும். அந்தச் செதில் பயம் வந்த பிறகுதான் துணிச்சல் என்ற சொல்லுக்கே எங்கள் மாடியில் அர்த்தம் வந்தது.

அப்புறமும் கொழுந்தனார் கொழுந்தனார்தான். டிரைவர் சார் ஒரு ராத்திரிக்கு இரண்டு மூன்று தடவைதான் ரைஸ் செய்வார், அதாவது பந்தயத்தை ஏற்றுவார். செய்தால் கையில் சரக்கு இருக்கிறது என்று சின்னவனுக்குக்கூடத் தெரியும். அன்று அவர் ரைஸ் செய்தார். கொழுந்தனார் கையில் ஏஸும் 4-ம், வேறு வேறு ஜாதி. "எண்ணூத்தி எண்பது, ஆல்-இன்" என்று எண்ணித்தான் சொன்னார், அதைக் குறை சொல்ல முடியாது. டிரைவர் சார் அவர் சொல்லி முடிக்கும் முன்பே கால் சொல்லி இரண்டு ராஜாவைத் திறந்தார். இந்த மோதலில் ஏஸ் 4 பத்துக்கு மூன்று தடவைதான் ஜெயிக்கும். அன்று அந்த மூன்றில் ஒன்று. ஃப்ளாப்பிலேயே ஏஸ் விழுந்தது. டிரைவர் சார் மறுநாள் கெண்டை கழுவினார். கொழுந்தனார் ஒரு வாரம் முழுக்க, "தைரியமா அடிச்சேன்ல" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

எனக்கு இதில்தான் ஒப்புதல் இல்லை. பத்திரம் சரியாகப் பார்க்காமல், ஆள் யார் என்று விசாரிக்காமல் ஒரு கடன் கொடுத்து, அது தவணை தவறாமல் திரும்பி வந்துவிட்டால் அந்த மேனேஜரைக் கெட்டிக்காரர் என்று நாங்கள் சொல்வதில்லை. ஆடிட் வந்தால் அந்தக் கோப்பில்தான் முதலில் கை வைப்பார்கள். டிரைவர் சார் ரைஸ் செய்தபின் விட்டுக்கொடுக்கக்கூடிய சீட்டு அவர் கையில் ஒன்றுகூட இருக்காது என்பது கொழுந்தனாருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மிரட்டினால் பயப்பட ஆள் இல்லை. மோதினாலோ பத்துக்கு மூன்று. எந்தப் பக்கமும் வழி இல்லாத இடத்தில் போய் நின்றுவிட்டு, கூரை பிரிந்து அவர் தலையில் பணம் கொட்டியிருக்கிறது.

அண்ணன் மகன் இதில் ஒரு குறுக்குக் கேள்வி போட்டான். நல்ல ஆட்டக்காரர்களே ஏஸ் 4-ஐ வைத்து மறு ரைஸ் செய்வார்களே என்றான். உண்மைதான், ஆனால் ஒரே ஜாதி ஏஸ் 4. அதற்குக் காரணம் இருக்கிறது. நம் கையில் ஒரு ஏஸ் இருந்தால் எதிராளிக்கு ஏஸ் ஜோடி வரக்கூடிய ஆறு விதத்தில் மூன்று அடைபட்டுப்போகிறது. அவர் கால் சொல்லிக் கூப்பிட்டாலும் ஃப்ளஷ்ஷுக்கும் (ஒரே ஜாதியில் ஐந்து சீட்டு) ஸ்ட்ரெயிட்டுக்கும் (அடுத்தடுத்த ஐந்து சீட்டு) வழி இருக்கிறது. அதோடு, நிறைய சீட்டுக்கு ரைஸ் செய்கிற ஆளிடம்தான் இதைச் செய்வார்கள், ஒரு ராத்திரிக்கு மூன்று தடவை ரைஸ் செய்கிறவரிடம் செய்ய மாட்டார்கள்.

நான் நன்றாக ஆடிய ஒரு கையையும் சொல்கிறேன், இல்லாவிட்டால் கொழுந்தனாருக்குக் கோபம் வரும். நேரமாகிவிட்டதால் ப்ளைண்டை, அதாவது சீட்டைப் பார்க்குமுன்பே இருவர் கட்டாயம் கட்டுகிற தொகையை, 20, 40 என்று ஏற்றியிருந்தோம். மூன்று பேர் ஆளுக்கு 100 கட்டி, நடுவில் 300. என்னிடம் மிச்சம் 300. கையில் ஸ்பேட் 8, ஸ்பேட் 6. ஃப்ளாப்பில் ஸ்பேட் ராணி, ஸ்பேட் 3, டைமண்ட் ஜாக்கி. இன்னும் ஒரு ஸ்பேட் வந்தால் ஃப்ளஷ். ஓரகத்தி செக், அண்ணன் மகன் செக். "முந்நூறு, ஆல்-இன்" என்றேன். கை கொஞ்சம் நடுங்கியது, ஒத்துக்கொள்கிறேன்.

அந்த நேரத்தில் என்னிடம் இருந்தது வெறும் 8. ஆனால் பார்க்காத 47 சீட்டில் 9 ஸ்பேட் எனக்காகக் காத்திருக்கிறது, இரண்டு திறப்பு பாக்கி. வருவதற்கு 35 சதவீத வாய்ப்பு. ஒருவர் கூப்பிட்டால் நடுவில் 900 ஆகும். 900-ல் 35 சதவீதம் 315. நான் போடுவது 300. அதாவது யாருமே பயப்படாமல் ஒவ்வொரு தடவையும் கூப்பிட்டாலும், நீண்ட கணக்கில் எனக்குக் கைநஷ்டம் இல்லை. பயந்து விட்டார்கள் என்றால் கிடப்பது மொத்தமும் லாபம். இதற்கு செமி-ப்ளஃப் என்று பெயர் வைத்தவர் டேவிட் ஸ்க்லான்ஸ்கி என்ற அமெரிக்க ஆட்டக்காரர். எங்கள் பாஷையில் சொன்னால் அடமானத்தோடு கூடிய பொய். அண்ணன் மகன் ராணி ஜோடியை வைத்துக்கொண்டு மூன்று நிமிடம் என் முகத்தையே பார்த்தான், அப்புறம் விட்டுவிட்டான். "அத்தை, நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு நினைச்சேன்" என்றான்.

அன்று ராத்திரி அவன் எங்களுக்கு ஒரு பழைய வீடியோவைப் போட்டுக் காட்டினான். 2003, லாஸ் வேகாஸ், உலகப் போக்கர் தொடரின் முக்கியப் போட்டி. 10,000 டாலர் கட்டி 839 பேர் ஆடியது. கடைசி இரண்டு பேரில் ஒருவர் கிறிஸ் மணிமேக்கர், டென்னஸியைச் சேர்ந்த கணக்காளர், ஆன்லைனில் 86 டாலர் கட்டித் தகுதிச் சுற்றில் ஜெயித்து உள்ளே வந்தவர். எதிரில் சாம் ஃபார்ஹா, தொழில்முறை ஆட்டக்காரர். நடுவில் ஸ்பேட் 9, டைமண்ட் 2, ஸ்பேட் 6, ஸ்பேட் 8, ஆர்ட்டின் 3. மணிமேக்கர் கையில் ஸ்பேட் ராஜாவும் ஆர்ட்டின் 7-ம், ஒரு ஜோடிகூட இல்லை. ரிவரில் ஆல்-இன் போகிறார். ஃபார்ஹா கையில் ஒரு 9, நடுவில் கிடக்கிற 9-ஓடு சேர்ந்து ஜோடி, நடுவில் இருக்கிற சீட்டோடு சேரக்கூடியதிலேயே பெரிய ஜோடி. வெகுநேரம் யோசித்து விட்டுவிடுகிறார். கொஞ்ச நேரத்தில் மணிமேக்கர் பட்டமும் 25 லட்சம் டாலரும் ஜெயித்தார். மறு ஆண்டு அதே போட்டிக்கு 2,576 பேர் வந்தார்கள்.

கொழுந்தனார் கைதட்டினார். "பாத்தீங்களா அண்ணி, ஒண்ணுமே இல்லாம அடிச்சான் பாருங்க!"

நான் வீடியோவைப் பின்னால் நகர்த்தச் சொன்னேன். எல்லோரும் ரிவரைத்தான் பார்க்கிறார்கள், வேலை நடந்தது டர்னில். ஸ்பேட் 8 வந்ததும் ஃபார்ஹா பந்தயம் வைக்க, மணிமேக்கர் அதன்மேல் ஏற்றுகிறார். அப்போது அவருக்கு எத்தனை சீட்டு உதவும்? பென்சில் எடுத்து எழுதினேன். ஸ்பேட் எது வந்தாலும் ராஜா ஃப்ளஷ். ஃபார்ஹாவிடமும் ஸ்பேட் ராணி இருப்பதால் மிச்சம் 8. ஸ்ட்ரெயிட்டுக்கு ஸ்பேட் அல்லாத 5 மூன்று, 10 மூன்று. ராஜா வந்தால் 9 ஜோடியைத் தாண்டும், அது மூன்று. மொத்தம் 17, மீதம் இருக்கிற 44 சீட்டில். கிட்டத்தட்ட 39 சதவீதம். ரிவரில் ஒன்றும் வரவில்லை, அது வேறு. ஆனால் டர்னிலேயே ஃப்ளஷ் அடித்துவிட்டவன் மாதிரி ஒரு கதையைத் தொடங்கியாகிவிட்டது, ரிவரில் அதே கதையைத்தான் முடிக்கிறார். ஸ்பேட் ராஜா தன் கையில் இருப்பதால் ஃபார்ஹாவிடம் ராஜா ஃப்ளஷ் இருக்கவும் முடியாது. ஒண்ணுமே இல்லாமல் அடித்தார் என்று எப்படிச் சொல்வது?

இவ்வளவு பேசிய நான் அடுத்த வாரம் என்ன செய்தேன் என்றும் எழுத வேண்டும் அல்லவா.

மறுபடி ஸ்பேட், மறுபடி ஃப்ளஷ்ஷுக்கு ஒன்று குறை. எதிரில் டிரைவர் சார். ஃப்ளாப்பில் போட்டேன், கால் சொன்னார். டர்னில் போட்டேன், கால் சொன்னார். ரிவரில் ஸ்பேட் வரவில்லை. நடுவில் 480. மணிமேக்கர் கண்முன்னால் வந்து நின்றார். கதையை முடிக்க வேண்டும் என்று தோன்றியது. "நானூறு" என்றேன், குரல் திடமாகத்தான் வந்தது. அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எட்டு வினாடியில் கால் சொன்னார். அவர் கையில் இருந்தது ஐந்துக்கு ஐந்து ஒரு ஜோடி. நடுவில் அதைவிடப் பெரிய சீட்டு நாலு கிடக்கிறது.

"எப்படி சார் இதை வெச்சு கூப்பிட்டீங்க?"

"மேடம், நான் எப்ப விட்டிருக்கேன்?"

அவ்வளவுதான். 480-க்கு 400 போட்டால் நூற்றுக்கு 45 தடவைக்கு மேல் எதிராளி விட வேண்டும். டிரைவர் சார் நூற்றுக்கு ஐந்து தடவை விட்டால் அதிகம். சீட்டுக் கணக்கு அத்தனையும் சரியாகப் போட்ட நான், எதிரில் இருக்கிற மனிதரைக் கணக்கில் சேர்க்கவில்லை. கொழுந்தனாரின் ஏஸ் 4-க்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று அன்று ராத்திரி நிறைய யோசித்தேன். எனக்குக் கணக்குப் பாஷை தெரியும் என்பதைத் தவிர வேறு ஒன்றும் கிடைக்கவில்லை.

ஞாயிறு காலை நான் பின்கட்டில் உட்கார்ந்து ஜிலேபி கெண்டைக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தபோது டிரைவர் சார் பேப்பர் எடுக்க இறங்கி வந்தார். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு அவர் பாட்டுக்குச் சொன்னார்: "110-ல ஓட்டுறப்போ எல்லாரும் கேப்பாங்க, பயமா இல்லையான்னு. பயம் எதுக்கு? பிரேக் போட்டா எங்க நிக்கும்னு தெரியும். முன்னாடி சிக்னல் டபுள் எல்லோ காட்டுச்சுன்னா, அடுத்தது எல்லோவா இருக்கலாம், அதுக்கடுத்தது சிவப்பா இருக்கலாம்னு கை தானா வேகத்தைக் குறைக்கும். நிக்கிற இடம் தெரியாம 30-ல போறவன்தான் மேடம் எனக்குப் பயம்." சொல்லிவிட்டு, "வால் பக்கம் இன்னும் செதில் இருக்கு" என்று காட்டிவிட்டு மேலே போனார்.

மறுபடி பெட்டிக்கு வருகிறேன். இரண்டாவது மாதமே ஒரு கொக்கி தளர்ந்துவிட்டது. நிமிர்த்தித் தூக்கினால் திறந்துகொள்ளும், ஒருமுறை மாடிப்படியில் 300-ம் உருண்டது. அப்போது எண்ணிப் பார்த்ததில்தான் வெள்ளை 98 இருந்தது. படியில் தொலைந்ததா, வரும்போதே குறைவா என்று சந்தேகம். பிரித்த அன்று எடுத்த போட்டோவைப் பெரிதாக்கி எண்ணினேன், அதிலும் 98. விற்றவருக்குப் போட்டோவோடு எழுதினேன். ஒரு வாரம் பதில் இல்லை, அப்புறம் மன்னிப்பு, அப்புறம் 19-ஆம் நாள் ஒரு சின்னக் கவர். உள்ளே இரண்டு சிப்ஸ். இரண்டும் மஞ்சள். எங்கள் பெட்டியில் மஞ்சளே கிடையாது.

சிப்ஸின் கனத்துக்கும் அடுக்குக்கும் நாலு நட்சத்திரம் கொடுக்கலாம். எண் இல்லாததற்கும், இருட்டில் ஏமாற்றுகிற நீலத்துக்கும், கொக்கிக்கும் சேர்த்து ஒன்று குறைத்து மூன்று. இந்த விலைக்கு வேறு எதுவும் இதைவிட நன்றாக இருக்கும் என்று தோன்றவில்லை, ஆறு பேர் ஆட இது தாராளம். எட்டுப் பேர் என்றால் 500 சிப்ஸ் பெட்டி பாருங்கள்.

மஞ்சள் இரண்டையும் டிரைவர் சாருக்குக் கொடுத்துவிட்டோம். தன் சீட்டின்மேல் பாரமாக வைத்துக்கொள்வார். கொழுந்தனாரின் கை சிப்ஸ் அடுக்கின் பக்கம் வேகமாகப் போனால், ஒன்றும் பேசாமல் இரண்டு மஞ்சளையும் எடுத்து ஜமக்காளத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பார். போன சனிக்கிழமை அப்படி வைத்தார். கொழுந்தனார் மஞ்சளைப் பார்த்தார், தன் அடுக்கை எண்ணினார், நடுவில் கிடந்ததை எண்ணினார், என்னிடம் எவ்வளவு மிச்சம் என்று கேட்டார், நான் சொன்னேன். அப்புறம் "அறுநூத்தி நாப்பது, ஆல்-இன்" என்றார். நான் இரண்டு ஜோடியை வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தேன். விட்டுவிட்டேன். அவர் சீட்டைக் காட்டாமல் கட்டுக்குள் சொருகிவிட்டார். இந்த வாரம் முழுக்க மூன்று தடவை போன் போட்டுக் கேட்டுவிட்டேன், சிரிக்கிறாரே தவிர சொல்ல மாட்டேன் என்கிறார்.